ஆங்கிலம்: உச்சரிப்பு, நிறுத்தக்குறி, சொல்லாட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் ஆங்கிலத்தை எழுத்தாகப் படித்துவிட்டு, பின்னர் நேர்காணலிலும் அலுவலகத்திலும் அதைப் பேச்சாக எதிர்கொள்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்துக்குள் அடங்காத ஒலி வரும்போது, அதற்கு வாயை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்றும் சொல்வது வேறொன்றுமாக இருப்பது ஏன்?

எழுத்து ஒரு காலத்தில் நின்றுவிட்டது, பேச்சு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இதுதான் சுருக்கமான விடை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்துருவம் மெல்ல உறைந்துபோனது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் ஒட்டுமொத்தமாக இடம்மாறிக்கொண்டிருந்தன. மெய்யொலிகளும் உதிர்ந்தன. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் ‘கே’ வெறும் அலங்காரம் அல்ல, முன்பு அதை உச்சரித்தார்கள். முழங்காலுக்கு ஆங்கிலத்தில் ‘நீ’, ஜெர்மனில் ‘க்னீ’. ஜெர்மானியர்கள் அந்தக் ககரத்தை இன்றும் சொல்கிறார்கள்.

போதாக்குறைக்கு அறிஞர்களும் குழப்பினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ எழுத்தே கிடையாது. லத்தீன் மூலச் சொல்லை நினைவூட்டுவதற்காகப் பின்னால் வந்தவர்கள் அதைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் உள்ள ‘எஸ்’ எழுத்தின் கதையும் இதுபோன்றதே.

ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள். ‘இருப்பினும்’ என்ற பொருளில் ‘தோ’, ‘ஊடாக’ என்ற பொருளில் ‘த்ரூ’, கடினம் என்றால் ‘டஃப்’, இருமல் என்றால் ‘காஃப்’, மரக்கிளை என்றால் ‘பௌ’. ஐந்து சொல்லுக்கு ஐந்து ஒலி. ஆகவே புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அதுதான் உச்சரிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். காதால் கேளுங்கள், அல்லது அகராதியைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா? எதைப் பின்பற்றுவது?

எதுவானாலும் சரி. கால அட்டவணையை லண்டனில் ‘ஷெட்யூல்’ என்பார்கள், நியூயார்க்கில் ‘ஸ்கெஜூல்’ என்பார்கள். ராணுவப் பதவி ஒன்று லண்டனில் ‘லெஃப்டினென்ட்’, நியூயார்க்கில் ‘லூடெனன்ட்’. இரண்டில் எதைச் சொன்னாலும் தவறில்லை. தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசுவதும் குறையே அல்ல. ஸ்காட்லாந்துக்காரர் ஸ்காட்லாந்து வாடையோடுதான் பேசுகிறார். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பதை நம் பள்ளிகள் சொல்லித் தருவதே இல்லை.

அந்த ஓங்கல் அவ்வளவு முக்கியமா?

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறிவிடாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு நீண்ட சொல்லுக்குள்ளும் ஓர் அசை மட்டும் ஓங்கி நிற்கும், மற்றவை அடங்கிப்போகும். கேட்பவர் அந்த ஓங்கலைக் கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறார். அது இடம் மாறினால், ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தாலும், அவருக்குச் சொல் பிடிபடாது.

புகைப்படம் தொடர்பான மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ஃபோட்டகிராஃப்’ என்பதில் முதலசை ‘ஃபோ’ ஓங்குகிறது. புகைப்படக்காரர் ‘ஃபடாக்ரஃபர்’, அங்கே ‘டா’ ஓங்குகிறது, முன்பு ஓங்கிய ‘ஃபோ’ வெறும் ‘ஃப’ ஆகச் சுருங்கிவிட்டது. ‘ஃபோட்டக்ராஃபிக்’ என்பதில் ஓங்கல் ‘க்ரா’வுக்குப் போய்விடுகிறது. வேர் ஒன்றுதான், ஆனாலும் ஓங்கல் நகரும்போது உயிரொலிகளும் கூடவே மாறுகின்றன. நம்மில் பலர் மூன்றிலும் ‘ஃபோட்டோ’ என்றே தொடங்குகிறோம்.

சில சொற்களில் ஓங்கல் இலக்கணத்தையே மாற்றும். பரிசுப்பொருள் என்றால் ‘ப்ரெஸன்ட்’, முதலசை ஓங்கும். வழங்குவது என்ற வினையானால் ‘ப்ரிஸென்ட்’, இரண்டாம் அசை ஓங்கும். பதிவைக் குறிக்கும் ‘ரெகார்ட்’, பதிவு செய்வதைக் குறிக்கும் ‘ரிகார்ட்’ இரண்டும் இப்படித்தான்.

கைவசம் வைத்துக்கொள்ள ஒரு விதி உண்டு. ‘ஷன்’ என்று முடியும் சொற்களில் அதற்குச் சற்று முந்திய அசை ஓங்கும்: ‘எஜுகேஷன்’ என்பதில் ‘கே’, ‘எக்ஸாமினேஷன்’ என்பதில் ‘னே’. ‘இக்’ என்று முடியும் சொற்களில் பெரும்பாலானவையும் அப்படியே. விதிக்குள் வராமல் நாம் அன்றாடம் தவறவிடும் சில சொற்கள்: ‘ஹோட்டல்’, ‘இவென்ட்’, ‘கமிட்டி’, ‘டிவெலப்’. நான்கிலும் இரண்டாம் அசைதான் ஓங்க வேண்டும்.

ஓங்காத அசைகள் என்ன ஆகின்றன?

பெரும்பாலும் மங்கிய ‘அ’ போன்ற ஓர் ஒலியாகத் தேய்கின்றன. ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான். அகராதிகளில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில ‘இ’ எழுத்தால் அதைக் குறிப்பார்கள். தமிழருக்கு இது அந்நியமான செய்தி அல்ல. ‘காடு’, ‘பாக்கு’ என்னும் சொற்களின் கடைசி உகரம் முழுதாக ஒலிக்காமல் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டுப் படித்தவர்கள் நாம். அதே குறுக்கத்தை ஆங்கிலச் சொல்லின் நடுவிலும் தொடக்கத்திலும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். காய்கறி ‘வெஜ்டபிள்’, கடைசிப் பகுதியை மேசையைக் குறிக்கும் ‘டேபிள்’ போல நீட்டக் கூடாது. ‘கம்ஃப்டபிள்’ என்பதும் அப்படியே.

‘வீ’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ‘வ’தானே?

நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் சிக்கல். ‘வீ’ ஒலிக்கு மேல்பற்கள் கீழுதட்டில் நன்றாகப் பதிந்து, காற்று உரசி அதிர வேண்டும். ‘டபிள்யூ’ ஒலிக்குப் பல் உதட்டைத் தொடவே கூடாது. ‘உ’ சொல்வதுபோல் உதடுகளைக் குவித்து, ‘உஎஸ்ட்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அது மேற்குத் திசை. பல்லை உதட்டில் பதித்து ‘வெஸ்ட்’ என்றால் பிரிட்டனில் உள்பனியன். கண்ணாடி முன் நின்று பழகினால் பல் தொடுகிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

‘டி’ ஒலிக்கு ‘ட’ போதாதா?

புரியும். ஆனால் ஆங்கில ‘டி’ நம் ‘ட’ அல்ல. ‘ட’வுக்கு நாக்கு பின்னால் வளைகிறது. ஆங்கிலத்தில் நாக்கு வளையாது, மேல்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டை நுனி தொடும். ‘நன்றி’ என்று சொல்லும்போது ‘ன்’னில் நாக்கு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள், அதே இடம்தான். யாழ்ப்பாணத் தமிழில் ‘வெற்றி’, ‘காற்று’ என்னும்போது வரும் இரட்டை றகரம் ஆங்கில ‘டி’க்கு மிக நெருக்கமானது. ஈழத்தமிழர்கள் கனடாவின் பெருநகரை ‘ரொறன்ரோ’ என்றும் தொலைபேசியை ‘ரெலிபோன்’ என்றும் எழுதுவது இதனால்தான். தமிழ்நாட்டில் பலரும் அதை விநோதமாகப் பார்க்கிறார்கள். கூர்மையான காதுள்ளவர்களின் எழுத்து அது என்பேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சொல்லின் முதலில், ஓங்கும் அசையில் வரும் ‘பி’ (பேப்பருக்கு வரும் ‘பி’, பஸ்ஸுக்கு வரும் ‘பி’ அல்ல), ‘டி’, ‘கே’ ஒலிகளோடு ஆங்கிலேயர் ஒரு மூச்சுக் காற்றையும் விடுவார்கள். நாம் விடுவதில்லை. அதனால் குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’னை நாம் சொல்லும்போது, குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ‘பின்’ என்று அவர்கள் காதில் விழக்கூடும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். காகிதம் அசைந்தால் குண்டூசி, அசையாவிட்டால் குப்பைத்தொட்டி.

‘இஸட்’ ஒலியை எப்படிச் சொல்வது? ‘ஜீரோ’, ‘ஜிப்’ என்றே வருகிறதே.

தொண்டையில் விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள். அதிர்வு இருக்காது. வாயை மாற்றாமல், வண்டு ரீங்கரிப்பதுபோல் குரலைச் சேருங்கள். தொண்டை அதிரும்போது வருவதுதான் ‘இஸட்’ ஒலி. ‘எஸ்’ என்று எழுதும் பல இடங்களிலும் இந்த ஒலியே வரும். பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லும் கண்களைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘ஐஸ்’தான். ஆங்கிலத்தில் முன்னது அதிராது, பின்னது அதிரும்.

‘திங்க்’, ‘திஸ்’ என்பவற்றில் வரும் ‘த’?

இரண்டிலும் நாக்கு நுனி பல்லைத் தொட்டு அடைக்காமல், காற்று கசிய இடம் விட வேண்டும். ‘அது’, ‘இதோ’ என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வரும் தகரம் ‘திஸ்’ ஒலிக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. அதைக் குரல் இல்லாமல் காற்றாக மட்டும் விட்டால் ‘திங்க்’. நம் வழக்கமான தகரத்தில் சொன்னாலும் யாரும் குழம்பமாட்டார்கள். இதற்குச் செலவிடும் நேரத்தை ஓங்கலுக்குக் கொடுங்கள்.

காதுக்கும் ஆண்டுக்கும் ஒரே சொல்லா? என் ஆசிரியர் இரண்டையும் ‘இயர்’ என்கிறார்.

ஒன்றல்ல. காது ‘இயர்’, ஆண்டு ‘யியர்’. தமிழ்ப் பேச்சில் ‘எல்லாரும்’ என்பதை ‘யெல்லாரும்’ என்றும், ‘ஒன்று’ என்பதை ‘வொன்று’ என்றும் தொடங்குவது நம் வாயின் பழக்கம். அது ஆங்கிலத்துக்கும் தொற்றி, முடிவு என்ற சொல் ‘யெண்ட்’ ஆகிறது, ‘மட்டும்’ என்ற சொல் ‘வோன்லி’ ஆகிறது. வாயைத் திறந்துகொண்டு நேரே உயிரொலியில் தொடங்கிப் பழகுங்கள்.

இறந்தகால வினைகளில் கடைசி ‘இ-டி’ எழுத்துகளை எப்படி உச்சரிப்பது?

வினையின் கடைசி ஒலி ‘ட்’ வகையாக இருந்தால் மட்டுமே தனி அசை வரும்: ‘வான்டிட்’, ‘நீடிட்’. மற்றபடி ஒட்டிக்கொள்ளும்: ‘கால்ட்’, ‘ஸ்டாப்ட்’, ‘ஆஸ்க்ட்’, ‘வர்க்ட்’. ‘வர்க்கெட்’ என்று ஓர் அசையைக் கூட்டுவது நம் பக்கத்தில் பரவலான பிழை. ‘நேகிட்’, ‘விக்கிட்’ போன்ற சில பெயரடைகள் விலக்கு.

தவறாமல் தவறாக உச்சரிக்கப்படும் சொற்கள் சில?

பெண்கள், பன்மையில், ‘விமின்’. புதைப்பது ‘பெரி’. ரசீது ‘ரிஸீட்’. சீப்பு ‘கோம்’, கல்லறை ‘டூம்’, இரண்டிலும் கடைசி ‘பி’ ஒலிக்காது. புதன்கிழமை ‘வென்ஸ்டே’. உச்சரிப்பு என்ற சொல்லே ‘ப்ரனன்ஸியேஷன்’, நடுவில் ‘நௌன்’ வராது. ராணுவத்தில் ‘கர்னல்’ பதவியை எழுத்துக்கூட்டினால் ‘கொலொனெல்’ என்று வரும். இத்தாலியச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது லகரம் ரகரமாகத் திரிந்த வடிவமும் உலவியது. ஆங்கிலம் எழுத்தை ஒன்றிலிருந்தும் ஒலியை மற்றொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டுவிட்டது. தமிழ்ப் பத்திரிகைகள் ‘கர்னல்’ என்று அச்சிடுவது ஒலிக்குப் பொருத்தமானது.

என் பெயர் எழிலரசி. வெளிநாட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

ழகரத்துக்கு நாம் எழுதும் ‘இஸட்-எச்’ கூட்டு ஆங்கிலத்தில் இயல்பாகக் கிடையாது. அதைக் காண்பவர்கள் ‘மெஷர்’, ‘டெலிவிஷன்’ ஆகிய சொற்களின் நடுவே வரும் ஒலியைச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கர்களிடம் உங்கள் ஊர் ‘ஆர்’ ஒலியையே சொல்லுங்கள் என்றால் போதும். நாக்கை மடக்கி, எதையும் தொடாமல் சொல்லும் அமெரிக்க ‘ஆர்’ ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் அடைப்பது எவ்வளவு கடினம் என்பதை 2020 ஜூனில் பார்த்தோம். 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துருவை மாற்றி அறிவித்த தமிழ்நாட்டு அரசு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

‘எ’ எங்கே, ‘அன்’ எங்கே?

உயிரொலிக்கு முன் ‘அன்’, மெய்யொலிக்கு முன் ‘எ’. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கூடுதல் நிபந்தனை. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லில் ‘எச்’ ஒலிக்காது, ஆகவே ‘அன்’. ‘யுனிவர்ஸிட்டி’ ‘யூ’ எழுத்தில் தொடங்கினாலும் யகர ஒலியில் தொடங்குவதால் ‘எ’. செய்தி எழுதுபவர்கள் தடுமாறும் இடம் சுருக்கப்பெயர்கள்: எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எம்.பி.ஏ. மூன்றும் எகரத்தில் தொடங்குவதால் ‘அன்’.

மேலே தொங்கும் காற்புள்ளியை, அதாவது அபாஸ்ட்ரஃபியை, எங்கே போடுவது?

எழுத்து விடுபட்ட இடத்திலும் உடைமையைக் காட்டும் இடத்திலும். பன்மைக்கு ஒருபோதும் போடக் கூடாது. சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் பன்மை ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏணி வைத்து அழித்துவிட மனம் துடிக்கும். மாணவர் விடுதியில் ஒரே மாணவர் என்றால் ‘எஸ்’ எழுத்துக்கு முன், பலர் என்றால் பின்.

‘இட்ஸ்’ என்ற சொல் தேர்ந்த எழுத்தாளர்களையும் ஏமாற்றும். ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படியுங்கள். பொருள் நின்றால் குறி வேண்டும். ‘அதனுடைய’ என்று பொருள்பட்டால் வேண்டாம். ‘அவனுடைய’ என்னும் ‘ஹிஸ்’ குறி இல்லாமல் இருக்கிறது அல்லவா, அதன் குடும்பம்தான் இது.

பட்டியலில் கடைசி ‘ஆண்ட்’ அல்லது ‘ஆர்’ சொல்லுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா?

அமெரிக்கப் பதிப்பகங்கள் பெரும்பாலும் போடும், பிரிட்டிஷ் நாளிதழ்கள் பெரும்பாலும் போடமாட்டா. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் போடும், அதனால் அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி என்றே பெயர். நான் போடச் சொல்வேன். காரணம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு.

அம்மாநிலச் சட்டம் சில வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்றது. கெட்டுப்போகும் உணவுகளைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று நீண்ட பட்டியல், ‘அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொதிதல்’ என்றும், ‘அனுப்புவதற்காகப் பொதிதல் அல்லது விநியோகித்தல்’ என்றும் இரண்டு விதமாகவும் படிக்கத்தக்க சொற்களில் முடிந்தது. ‘ஆர்’ சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், ‘நாங்கள் பொதிவதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறோம், எனவே விலக்கு எங்களுக்குப் பொருந்தாது’ என்றார்கள். சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தருவதாகச் சமரசம் ஏற்பட்டது. தமிழில் இந்த வழக்கு எழுந்திருக்கவே வழியில்லை. ‘பொதிதலும் விநியோகித்தலும்’ என்று ‘உம்’ போட்டால் தீர்ந்தது.

இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைக்கலாமா?

கூடாது. ‘எனக்கு உடல்நலமில்லை, நான் வர இயலாது’ என்பது தமிழில் இயல்பாக இருக்கலாம். விடுப்புக் கடிதத்தில் அதையே ஆங்கிலத்தில் எழுதினால் பிழை. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது ‘ஸோ’ போன்ற இணைப்புச்சொல்லைச் சேருங்கள். அரைப்புள்ளியும் இடலாம். 1490களில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்தில் பிறந்த குறி அது.

‘ப்ரிபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’ எல்லாம் தவறான ஆங்கிலமா?

இல்லை. ஒத்திவைப்பதற்கு எதிராக முன்கூட்டி வைப்பதை ஒரே சொல்லில் சொல்ல இந்தியர்களுக்குத் தேவைப்பட்டது. ‘ப்ரிபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது. ‘டூ த நீட்ஃபுல்’ பழைய பிரிட்டிஷ் அலுவலக வழக்கு. அங்கே அது வழக்கொழிந்தது, இங்கே வாழ்கிறது. சகலையைக் குறிக்கும் ‘கோ-பிரதர்’ உறவுமுறையின் தேவையால் பிறந்தது. இவற்றை நம் நாட்டுக்குள் கூச்சமில்லாமல் எழுதலாம். வெளிநாட்டுக் கடிதத்தில் கவனம் தேவை: பட்டம் பெற்றதைச் சொல்ல ‘பாஸ்ட் அவுட்’ என்றால், மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள்.

அப்படியானால் எவை உண்மையான பிழைகள்?

தமிழ் வாக்கியத்தின் மேல் ஆங்கிலச் சொற்களை அடுக்குவதால் வருபவை. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் ‘பற்றி’ வருவதால் ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபௌட்’ சேர்க்கிறோம். அந்த வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. இரண்டு அண்ணன்கள் இருப்பதைச் சொல்ல ‘ஹாவிங்’ வேண்டாம், ‘ஹாவ்’ போதும். ‘நண்பர்களில் ஒருவர்’ என்னும்போது நண்பர் பன்மையில் இருக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் வாலாக ‘இஸ்ன்ட் இட்’ சேர்ப்பது நம் ‘இல்லையா’வின் நகல்.

நான் மிகவும் கவனிக்கச் சொல்வது ‘ஒன்லி’. ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி’ என்கிறோம். தமிழில் வலியுறுத்த ‘தான்’ இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. ஆங்கிலம் பெரும்பாலும் அந்த வேலையைக் குரலால் செய்கிறது. ‘ஐ கேம் யெஸ்டர்டே’ என்று சொல்லி, ‘யெஸ்’ என்ற அசையை ஓங்கவிட்டால் ‘தான்’ வந்துவிட்டது. எழுத்தில் வேண்டுமானால் ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்று முன்னால் வையுங்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்லலாமா?

‘போய் வருகிறேன்’ என்பதன் நேர்பெயர்ப்பு அது. தமிழர்களிடையே அன்பாகப் புரியும். மற்றவர்கள் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார்கள். அவர்களிடம் ‘ஸீ யூ’ சொல்லுங்கள்.

கடிதத்தின் முடிவில் எதை எழுதுவது?

பெயர் சொல்லாமல் ‘டியர் ஸர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயரிட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஸின்ஸியர்லி’. இது பிரிட்டிஷ் மரபு. மின்னஞ்சலில் ‘ரிகார்ட்ஸ்’ போதும்.